சூளையடியில் பூங்கோதை

விருத்தாசலத்து செராமிக் கம்பெனி ஒன்றில், இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது பூங்கோதையின் வேலை. அங்கே சூளை பற்றவைக்கும்போதெல்லாம் கற்பூரம் காட்டுவார்கள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் அன்றைக்கு உள்ளே வரக்கூடாது, வாசலோடு நின்றுவிட வேண்டும். பெண்ணின் உடம்புக் கணக்கை ஊருக்கே தண்டோரா போடும் இந்த ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

தை பிறந்ததிலிருந்து பூங்கோதை ஒருமுறைகூட வாசலில் நிற்கவில்லை. சித்திரை வெயிலிலும் குளிருகிறது என்று சூளையடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னா பூங்கோத, முழுகாம இருக்கியா?" என்று கூட வேலை பார்க்கும் கனகா எல்லோர் முன்னாலும் கேட்டாள். கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண். வருகிற வைகாசியில் கல்யாணம் என்று சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

அவள் வீடு திரும்புமுன் பேச்சு வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா அமிர்தம் கதவைச் சாத்தினாள்.

"யாருடி அவன்?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா."

"அப்பறம் ஏன்டி நின்னுபோச்சு? எந்நேரமும் படுத்துக் கெடக்குற, ஒடம்பு வேற ஊதிப்போயிருக்குது."

பூங்கோதைக்கும் அது தெரியும். தலை வாரினால் முடி கொத்தாக வந்தது. குரல்கூடக் கம்மிவிட்டது. வேலைக் களைப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அமிர்தம் கருஞ்சீரகத்தைக் கொதிக்கவைத்து நீட்டினாள். "குடிச்சிடு. வெளிய தெரியாம போயிடும்."

"குடிச்சா நீ சொல்றதுதான் உண்மைன்னு ஆயிடும்." டம்ளரைத் தள்ளினாள். "ஆஸ்பத்திரிக்கு வா. அவங்க சொல்லட்டும்."

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள். அமிர்தம் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். கர்ப்பம் இல்லை என்றது சோதனை. டாக்டரம்மா பூங்கோதையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். குளிரையும் முடியையும் பற்றிக் கேட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"புள்ள உண்டானாத்தான் நிக்கும்னு இல்லம்மா. கவலையில நிக்கும், ஒடம்பு ஏறினாலும் எறங்கினாலும் நிக்கும், நீர்க்கட்டி இருந்தா நிக்கும். இவளுக்குத் தைராய்டா இருக்கும்னு தோணுது."

ரத்த முடிவும் அதையே சொன்னது. "இது நோவுதாம்மா. தெனமும் மாத்திரை போடணும், விட்டுடக் கூடாது," என்றார் டாக்டரம்மா.

"பழமலநாதா, காப்பாத்திட்டப்பா!" அமிர்தம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

பூங்கோதை அம்மாவையே பார்த்தாள்.

"எனக்கு நோவுன்னு சொல்றாங்கம்மா," என்றாள் கம்மிய குரலில். "நீ சிரிக்கிற."