வெறும் வயிறு

நெஞ்செரிச்சல் என்று கோயம்புத்தூரில் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. கேட்டவர் அந்த நிமிடமே வைத்தியராகிவிடுவார். மரியாதைக்கு மட்டும் குறைவிருக்காது. "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்க மாட்டீங்களே" என்று ஆரம்பித்து, ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துக் கழுத்தை அறுப்பார்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணிதம் எடுக்கிறவன். இருபத்தாறு வருடம் மைக் இல்லாமல் பாடம் நடத்தினேன். மைக் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஜூன் மாதம் குரல் கட்டியது, திறக்கவே இல்லை. மிளகு, தேன், ஆவி எல்லாம் ஆயிற்று. கடைசியில் தொண்டை டாக்டர் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, கோளாறு தொண்டையில் இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறி வந்து குரல்வளையைப் புண்ணாக்குகிறது என்று வயிற்று டாக்டரிடம் அனுப்பினார்.

கல்லூரி முதல்வர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, "சார், டிசம்பருக்குள்ள குரல் சரியாயிரோணுங்க. இல்லீன்னா உங்களை எக்ஸாம் செல்லுக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழியில்லீங்க" என்றார். எக்ஸாம் செல் என்பது விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டும் இடம். பாடம் நடத்தத் தெரியாதவர்களைக் கொண்டுபோய்ப் போடுவதற்கென்றே கல்லூரிகள் வைத்திருக்கும் அறை. அங்கே உட்காருவதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வகுப்பு இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதனால் உண்மையிலேயே பயந்தேன்.

வயிற்று டாக்டர் ஒரு பட்டியல் சொன்னார். காரம், புளி, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டை அரையடி உயர்த்த வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. "காபி எத்தனைங்க?" என்று கேட்டார். "ரெண்டுங்க" என்றேன். "ஒண்ணாக் குறைச்சுக்குங்க" என்றார். குறைத்துக்கொண்டேன்.

பட்டியலை நான் பின்பற்றிய மாதிரி ஊரில் எவனும் பின்பற்றியிருக்க மாட்டான். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தேன். அந்தச் சரிவில் என் மனைவி தினமும் கால்மாட்டுக்கு வழுக்கிப் போய், விடிந்ததும் தலையணையைத் தேடி ஏறி வருவாள். பவானியில் ஒரு புதுவீட்டு விருந்துக்குப் போய் இலையில் தயிர்ச்சோறு மட்டும் வாங்கினேன். வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏனுங்க, வயித்துக்கு ஆகலீன்னா ரசமாச்சும் ஊத்திக்குங்க" என்று ஒரு கரண்டியை இலையில் கவிழ்த்துவிட்டார். அமிலத்துக்குப் புளிரசம். இந்த உபசாரம் இருக்கிறதே, நம் பக்கத்தில் பாதி வயிறுகளைக் கெடுத்தது இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் பம்புசெட் உதிரிப்பாகம் செய்கிற பட்டறைக்காரர். அவர் மதில்மேல் சாய்ந்துகொண்டு, "மோட்டாருக்குள்ள ஏர் லாக் ஆன மாதிரிதானுங்க இதும். ஒரு சோடா குடிச்சு ஏப்பத்த வெளிய எடுத்துப்போட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றார். மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் வினிகர் குடிக்கச் சொன்னார். முனைவர் பட்டம் வாங்கியவர். அமிலத்துக்கு அமிலமா என்று கேட்டேன். யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து துறை ஓய்வறையில் அவரை வினிகர் என்றே குறிப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு எனக்கு யோசனை சொல்ல வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒழிந்தது சனியன் என்று இருந்தேன்.

மாத்திரை விஷயத்தில் நான் இன்னும் கறார். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் காபி. ஆறரைக்குப் பேப்பரோடு ஒரு டம்ளர். இந்த இரண்டும் கணக்கில் வராதவை. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வீதி முழுக்க அப்படித்தான். பல் விளக்குவது போல அதுவும் ஒரு காலைக்கடன். டாக்டரிடம் நான் சொன்ன இரண்டு, டிபனோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. குறைத்தது சாயங்காலத்து டம்ளரை. சரியாக எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், மாத்திரை. எட்டரைக்கு இட்லி. ஒரு நிமிடம் முன்பின் ஆகாது.

மருந்துக்கடை வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் மாத்திரை வாங்கி வருவது மனைவியின் வேலை. முதல் மாதம் ஒருநாள் காலையில் அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவள், "ஏனுங்க, இந்த மாத்திரைய..." என்று ஏதோ தொடங்கினாள். "நீ எப்ப அம்மணி டாக்டருக்குப் படிச்சே?" என்றேன். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் காபியைக் குடித்து முடித்துப் பேப்பரை விரித்தேன்.

ஐந்து மாதம் ஆயிற்று. குரல் இன்னும் மோசமானது. வகுப்பில் பின் வரிசைக்காரர்கள் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் மைக்கும் வாங்கினேன், அதில் என் கரகரப்புத்தான் பெரிதாகக் கேட்டது. டாக்டர் மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். அதற்கும் அசையவில்லை. இந்த டாக்டர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். டிசம்பர் முதல் வாரத்தில், உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

அன்று காலை நர்ஸ் கேட்டார். "காலைல ஏதாச்சும் சாப்டீங்களாங்க?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலீங்க" என்றேன்.

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாயை விட்டார்கள். விட்ட வேகத்தில் டாக்டர் அதை வெளியே எடுத்துவிட்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்காரும்வரை காத்திருந்தார்.

"காபி குடிச்சீங்களாங்க?"

"ஒரு டம்ளர்தானுங்க. எந்திரிச்சதும் குடிச்சது."

"எதுமே சாப்பிடலைன்னீங்களே."

"சாப்பிடலீங்களே."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். பிறகு, "அந்த மாத்திரைய எப்படிங்க போட்டீங்க?" என்றார்.

"எட்டு மணிக்குங்க. வெறும் வயித்துல."

"அதுக்கு முன்னாடி காபி?"

"ரெண்டு" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் திட்டவில்லை. "பரவாயில்லீங்க. பாலு, சக்கரை எல்லாம் போட்ட காபிங்க. வயித்துக்கு அது சாப்பாடுதான். இனிமே மாத்திரை மொதல்லங்க. காலைக் காபி ஒண்ணே ஒண்ணு போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் கணக்குப் போட்டவனுக்கு இருபத்தாறு வருடத்தில் நான் அரை மார்க் போட்டதில்லை. விடைத்தாளை வகுப்பிலேயே உரக்கப் படித்துக் காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "அன்னிக்கு மாத்திரை அட்டையக் கொண்டாந்து வெச்சுட்டு என்னமோ சொல்ல வந்தியே, என்ன அது?"

"காபிக்கு முன்னாலயே போட்றோணும்னு மருந்துக்கடைக்காரரு சொன்னாருங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

"மறுபடி சொல்லியிருக்கலாமல்ல? அஞ்சு மாசம் பார்த்துட்டே இருந்தியா?"

"டாக்டரு மாத்திரையக் கூட்டினப்பக்கூட வாய் வரைக்கும் வந்துச்சுங்க. இந்த ஊட்டுல உங்ககிட்ட யாருங்க ரெண்டாவது தடவ சொல்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

டிசம்பர் முடிந்து எக்ஸாம் செல்லுக்குப் போனேன். வேலையை விடவில்லை. மாத்திரை இப்போது ஐந்தரைக்கே உள்ளே போய்விடுகிறது. மூன்று மாதத்தில் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. அடுத்த செமஸ்டரில் வகுப்பு தருவதாக முதல்வர் சொல்லியிருக்கிறார். அதுவரை நூல் கட்டுகிறேன். வினிகர்காரர் வழியில் பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

காலையில் அந்த அரை மணி நேரம் கையில் டம்ளர் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. எதிரில் மனைவி தன் காபியைக் குடிப்பாள். என்னுடையது அடுப்பங்கரையில் மூடி வைத்திருக்கும். இன்று காலை, "ஏதாச்சும் பேசு அம்மணி" என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

"என்னத்தப் பேசறதுங்க" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள்.