துவக்கு என்றால் தொடங்கு

ஓய்வு பெற்ற பிறகு என் கனவுகளில் மனிதர்கள் குறைந்துவிட்டார்கள். வருவது மஞ்சள் புல், அதன் நடுவே அசையாமல் நிற்கும் ஒரு மிருகம். அந்தக் கனவு என்னுடையதுகூட அல்ல. நாங்கள் இருவரும் குடியேறிய கிரான்பர்னில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் திருநெல்வேலி நண்பருடையது. நமீபியப் புல்வெளியில் திருகுக் கொம்புள்ள கூடூ மான் ஒன்றைச் சுட வேண்டும் என்று அவர் சொல்லிச் சொல்லி, அது என் தூக்கத்துக்குள்ளும் மேய வந்துவிட்டது.

உரிமம், வாங்கும் அனுமதி, இரும்புப் பெட்டி, அதைப் பார்வையிட வரும் பொலிஸ் என்று அத்தனை படிகளிலும் அவரை நான்தான் ஏற்றிவிட்டேன். கடைசியில் எந்தக் காலிபர், எவ்வளவு பெரிய குண்டு என்பதில் வந்து நின்றார்.

"குதிரை அளவு மிருகம் சார். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் இல்லாம போனா அவமானம்."

"மானுக்கு என்ன அவமானம் ஐசே? அது உதைக்கிற உதைக்கு உம்மட தோள்தான் பாவம்."

வலது தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இந்த ஒரு வேட்டைப் பயணத்துக்கு மேல் அது தாங்காது. காயம்பட்ட மானைத் தவறவிட்டால் அதன் பிறகு துப்பாக்கியைத் தொடுவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

சுடுதளத்தில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. இலக்குகள் தண்ணீருக்குள் நிற்பவைபோலத் தெரிந்தன. இரவல் மேக்னத்தின் குண்டுகள் எல்லாம் தாழவே போயின.

"காத்து சார்."

"கீழ்நோக்கி அடிக்கிற காத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

துப்பாக்கியை வாங்கி, அவர் இலக்கையே பார்த்திருக்கக் குண்டுகளை எடுத்துவிட்டு, குழல் முன்னோக்கியபடியே திருப்பிக் கொடுத்தேன். "துவக்கு வெறுமையாக் கிடக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊரில் துப்பாக்கிக்கு அதுதான் பெயர். அவருடைய ஊரில் அது 'தொடங்கு' என்ற கட்டளை. முதற்சொல்லிலேயே விசையை இழுத்துவிட்டார்.

'டிக்' என்றது. வெடிக்காத துப்பாக்கியின் குழல் வணக்கம் சொல்வதுபோலத் தாழ்ந்தது. அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.

"வெடிக்கலியே சார்?"

"காத்தில்லை ஐசே, உதைக்குப் பயம். வெடிக்காததுக்கே தலை குனிஞ்சிட்டீர்."

மேக்னத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கேலி செய்து வந்த என் சாதாரண த்ரீ-ஓ-எய்ட் துப்பாக்கியை எடுத்தார். அதன் உதை பாதிதான். இருநூறு மீட்டருக்குள் கூடூவுக்கு அது போதும். கன்னத்தைப் பதித்தார். இம்முறை கண்கள் மூடவில்லை. தொலைவில், பனிக்குள், ஏதோ மேய்வதுபோல் எனக்குத் தோன்றியது.

"துவக்கட்டுமா சார்?"

"ஓம்," என்றேன். "இப்ப துவக்கும்."