கிலோ ஆறு யூரோ

ராட்டர்டாமில் நான் குடியிருக்கும் தெருமுனைக் கடையில் அரிசியை ஜன்னல் வைத்து விற்கிறார்கள். பழுப்புக் காகிதப் பொட்டலம், நம் ஊரில் தேயிலைத்தூள் வருமே, அந்த அளவு. நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய சின்ன வட்டம். அதன் வழியே சிவப்பரிசி எட்டிப் பார்க்கும். மொத்தமே நானூறு கிராம். அரிசியை மூட்டையாகவே பார்த்து வளர்ந்த எனக்கு, வந்து ஆறு வருஷமாகியும் அது வேடிக்கைதான். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு பொட்டலத்தில் மாப்பிள்ளைச் சம்பா என்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்ததைக் கண்டதும் கால் நகரவில்லை. பொட்டலத்தையும், அலமாரி விளிம்பில் செருகியிருந்த விலைச்சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து, பூதலூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். இங்கே விலைச்சீட்டில் பொட்டலத்தின் விலைக்கு அடியில், பொடி எழுத்தில், கிலோ என்ன விலை என்றும் போட்டிருப்பார்கள். ஆறு யூரோ. அந்தப் பொடி எழுத்துதான் பிறகு அண்ணனின் கழுத்தைப் பிடித்தது.

அண்ணன் ராஜேந்திரன் சின்ன அரிசி மில் ஒன்று நடத்துகிறார். பன்னிரண்டு வருஷமாக ஊரார் நெல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுத்துவந்தவருக்கு, அந்த மார்கழியில்தான் தன் பெயரில் முதல் ஆர்டர் வந்தது. இந்த நாட்டு இறக்குமதியாளர் ஒருவர் ஒரு கண்டெய்னர் மாப்பிள்ளைச் சம்பா அரிசி கேட்டிருந்தார். ஆர்டர் கையில் இருந்தது, நெல் வாங்கக் காசு இல்லை. வங்கிக்காரர்கள் பட்டா சிட்டா கேட்டார்கள். மில் நிற்பதோ வாடகை மனை. பை அச்சடிக்கவும் அரிசியைச் சோதனைக்கு அனுப்பவும் அண்ணி கழுத்திலிருந்த சங்கிலி ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். நான் வேலை பார்க்கும் ஒன்பது பேர் நிறுவனத்தின் தொழிலே இதுதான்: பர்ச்சேஸ் ஆர்டர் ஃபைனான்ஸ். ஆர்டர் வைத்திருப்பவரிடம் சொத்து இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம், ஆர்டர் கொடுத்தவர் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவரா என்று பார்ப்போம். சரக்கு தருகிறவருக்கு நாங்களே நேராகப் பணம் போடுவோம். சரக்கு போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் எங்களுக்குக் கட்டுவார், எங்கள் கட்டணம் போக மீதி ஆர்டர் வைத்திருப்பவருக்கு. அண்ணன் விண்ணப்பித்த அன்றே, இவர் என் உடன்பிறந்தவர் என்று மேலாளர் மரைக்கேயிடம் சொல்லிவிட்டேன். அவர் கோப்பைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். காகிதங்களை மொழிபெயர்க்க மட்டும் எனக்கு அனுமதி.

எங்கள் விதி கறாரானது. நாங்கள் அனுப்பும் ஆய்வாளர் நெல்லைக் கண்ணால் பார்க்கிற வரை ஒரு காசும் கைமாறக் கூடாது. பார்த்த மறுநாள் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் முழுப் பணமும் விழுந்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அண்ணே, யாருக்கும் ஒத்த ரூபா குடுத்துடாதீங்க. கம்பெனியே நேரா அவங்க கணக்குல போட்டுடும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணனும் தங்கச்சி பேச்சைத் தட்டவில்லை. பதினோரு விவசாயிகளிடம் கிலோ நெல் முப்பத்தெட்டு ரூபாய் என்று வாயால் பேசி முடித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

எங்கள் பக்கம் களத்தில் நெல்லுக்கு விலை பேசினால் வெற்றிலையில் நூற்றியொரு ரூபாய் வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர் அதற்குப் பிறகு எவன் வந்து எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் நெல்லை மாற்றிக் கொடுக்க மாட்டார். அச்சாரம் வாங்காதவரை யாரும் எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? குத்தகை நிலத்தில் அப்பா விளைவித்த நெல்லுக்கு வியாபாரி கொடுத்த வெற்றிலையை நானே வாங்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் தோன்றவில்லை. நிறுவனத்தின் விதி மண்டையில் ஏறி, ஊரின் விதியை வெளியே தள்ளிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் டிராமில் இருந்தபோது அண்ணன் அழைத்தார்.

"பாப்பா, பதினோரு பேரும் அறுபது ரூபா கேக்குறாங்க."

"ஏண்ணே?"

"நீ அனுப்புன படத்தத்தான் ஆசையா எல்லாருக்கும் காட்டுனேன். ஆறு யூரோன்னா எவ்வளவுன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அறுநூறுன்னேன். அவ்வளவுதான், அறுநூறு ரூபா அரிசிக்கு முப்பத்தெட்டு ரூபாயான்னு கெளம்பிட்டாங்க."

ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வருகிறார். அன்று மில்லில் நெல் இல்லாவிட்டால் நிதி கிடையாது, கப்பலைத் தவறவிட்டால் ஆர்டரும் ரத்து. அறுபதுக்கு வாங்கினால் அண்ணன் கிலோவுக்குக் கிலோ கைநஷ்டப்பட வேண்டும். அச்சாரத்தைத் தடுத்ததும் நான், விலையைக் காட்டியதும் நான். அண்ணனைக் கெடுக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

மரைக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவே இல்லை.

"பணம் நிச்சயம் வரும் என்று எழுத்தில் இருக்கிறதே, முன்கூட்டி எதற்குக் கையில் கொடுக்க வேண்டும்?"

"நூற்றியொரு ரூபாய்தான். வெற்றிலையில் வைத்து."

மனசுக்குள் மாற்றிப் பார்த்தார். "ஏறக்குறைய ஒரு யூரோ. ஒரு யூரோவுக்காக யார் வாக்கைக் காப்பாற்றுவார்கள்? இது லஞ்சமா?"

"ஒரு யூரோவுக்கு வாங்குகிற அளவுக்கு எங்கள் ஊரில் லஞ்சம் மலிந்துவிடவில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "அவர்களோடு நீ பேசலாம். ஆனால் பொய்யாக எதையும் சொல்லிவிடாதே" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது.

புதன்கிழமை மதியம் எல்லோரும் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம், கூட்ட அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தேன். ஊரில் சாயங்காலம். அண்ணன் கைபேசியைக் களத்தில் சாக்கு மூட்டைமேல் சாய்த்து வைத்திருந்தார். அந்தப் பதினோரு பேருக்கும் பேச ஆள் மலர்க்கொடி அக்காதான் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு காலத்தில் அப்பாவின் வயலுக்கு நடவுக்கு வந்தவர். இப்போது இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். மழையில் சாய்ந்த பயிரை மிஷினால் அறுக்க முடியாமல் ஆள் வைத்து அறுத்தவர்களில் அவரும் ஒருவர். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், ஒரு மழைக்குத் தாங்காது.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாகப் பெருக்கிப் பார்ப்பது தப்பு, அந்தக் காசு அங்கே எதை வாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் எனக்கு ஒரு பாடமே நடத்தினார்கள். வாங்கும் சக்தி என்று அதற்குப் பெயர். அதை அவிழ்த்தேன்.

"அக்கா, ஆறு யூரோன்னா அறுநூறு ரூபான்னு பாக்காதீங்க. இங்க ஒரு டீயே மூணு யூரோ. முடி வெட்டிக்க இருபத்தஞ்சு யூரோ. கப்பல் கூலி, வரி, சோதன, கடை வாடக எல்லாம் அந்த ஆறுக்குள்ளதான் அடங்கணும்."

தலைகள் ஆடின. பின்னால் நின்ற ஒருவர், "டீ முந்நூறு ரூபாயா!" என்று வாயைப் பிளந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

மலர்க்கொடி அக்கா மட்டும் தலையாட்டவில்லை. "சரிம்மா, காச விடு. அங்க கூலி வேல பாக்குறவங்க ஒரு கிலோ இந்த அரிசி வாங்கணும்னா எவ்வளவு நேரம் வேல செய்யணும்?"

பாடப்புத்தகம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எனக்கு விடை தெரியும். அண்ணன் திரையின் ஓரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லிவிடலாம். இரண்டு மணி நேரம் என்று அடித்து விட்டாலும் அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மரைக்கே சொன்னதற்காக அல்ல, கேட்டது மலர்க்கொடி அக்கா என்பதால் என்னால் முடியவில்லை.

"அர மணி நேரங்கூட வேணாம்க்கா."

"நா நடவுக்குப் போனா ஒரு நாளைக்கு முந்நூத்தம்பது. கடையில இந்த அரிசி நூத்திப்பத்து. ரெண்டு மணி நேரத்துக்கு மேல குனிஞ்சு நின்னாத்தான் ஒரு கிலோ. அப்ப எங்க அரிசி அங்க வெல கூடவா, கொறச்சலா?"

"கொறச்சல்தான்க்கா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒருவர் காப்பி மிஷினை அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். திரையிலிருந்து அவர்கள் விலகிப் போய்த் தங்களுக்குள் பேசினார்கள். காலியான களமும் குவித்த நெல்லும் மட்டும் தெரிந்தன. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

திரும்பி வந்து மலர்க்கொடி அக்காதான் பேசினார். "நெசத்த சொன்ன. அதனால அறுபது வேணாம், நாப்பத்தஞ்சு குடுங்க. இன்னொண்ணு. ஒங்கண்ணன் வெறுங்கையோட வந்து நின்னாரு. எங்கள நம்பலயோன்னு இருந்துச்சு. அச்சாரத்த நீ குடு. வாங்குறது ஒங்க கம்பெனிதான?"

நான் அந்தக் களத்துப் பெண் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கண்ணுக்கு நான் வாங்குகிற பக்கம். அது வலித்தது. தப்பாகவும் சொல்லிவிடவில்லை.

மரைக்கேயிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, என் சொந்தக் கணக்கிலிருந்து பதினோரு அச்சாரம் அனுப்பினேன். அவர் கோப்பில் ‘குடும்ப வழக்கம், சுமார் பதினோரு யூரோ’ என்று எழுதினார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள், கிலோ நாற்பத்தைந்துக்கு, பதினோரு பேரின் நெல்லும் மில்லில் இருந்தது. கண்டெய்னர் கப்பலேறியது. எல்லாம் போக அண்ணனுக்கு மிஞ்சியது சங்கிலியை மீட்கும் அளவுதான். ஆனால் இறக்குமதியாளர் அடுத்த போகத்துக்கும் கேட்டிருக்கிறார்.

போன வாரம் தெருமுனைக் கடைக்கு அந்த அரிசி வந்துவிட்டது. பழுப்புப் பொட்டலம், வட்ட ஜன்னல், பின்பக்கம் பூதலூர் என்று அச்சு. அண்ணனுக்குச் சொன்னேன். "படம் அனுப்பு பாப்பா, ஆனா வெலய மட்டும் காட்டிடாத. இவங்ககிட்ட அடுத்த வெல இன்னும் பேசல" என்றார். அவர் பயம் வீணல்ல. விலைச்சீட்டில் இப்போது ஆறு யூரோ அறுபது சென்ட். களத்தில் ஏறியது ஏழு ரூபாய், இங்கே ஏறியது அறுபது ரூபாய்.

பொட்டலத்தை இடது கையில் எடுத்து, சீட்டின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துப் படம் பிடித்து, மலர்க்கொடி அக்காவுக்கு அனுப்பினேன். கடையை விட்டு வெளியேறுவதற்குள் அவர் குரல் பதிவு வந்து விழுந்தது. "நல்லாருக்கும்மா நம்ம நெல்லு. வெரல எடு, வெல தெரியட்டும்."

திரும்பப் போய், விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் பிடித்தேன். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொட்டலம் அடுப்பங்கரையில் பிரிக்காமல் இருக்கிறது. அந்தப் படம் கைபேசியில் அனுப்பாமல் இருக்கிறது.