நேராகப் போவதற்கு நான்கு விளக்கு

இடது பக்கம் திரும்ப இடது விளக்கு, வலது பக்கம் திரும்ப வலது விளக்கு என்றால், நேராகப் போவதற்கு இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நான் இதை முழு மனதோடு நம்பினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முக்கோணம் போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அமுக்கினால் காரின் நான்கு மூலையிலும் விளக்கு மினுக்கும். கணக்கு எவ்வளவு ஒழுங்காக வருகிறது பாருங்கள்.

இத்தனைக்கும் கள்ளக்குறிச்சியில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருக்கு எல்.எல்.ஆர். படிவம் நிரப்பிக்கொடுத்தவன் நான்தான். சாலை விதிகள் அச்சடித்த தாளைக் கட்டுக்கட்டாக நகல் எடுத்திருக்கிறேன். எடுத்ததோடு சரி, ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அல்வாக் கடைக்காரன் அல்வா தின்னமாட்டான் இல்லையா, அந்த மாதிரி.

நான்குமுனைச் சந்திப்பில் என் கண்டுபிடிப்பு அபாரமாக வேலை செய்தது. நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு போனால் ஆட்டோக்கள் ஒதுங்கின. கரும்பு ஏற்றிய டிராக்டர்கூட நின்று வழிவிட்டது. அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர் என்னைப் பார்த்தாலே கையை வீசி வீசி ஆட்டுவார். நானும் பதிலுக்கு ஆட்டுவேன். மரியாதை தெரிந்த மனிதர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கார் வாங்கியதற்குக் காரணம் என் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அவளுக்கு மாறுதல் வந்துவிட்டது. காலையில் போகப் பேருந்து உண்டு. சாயங்காலம் பள்ளி மணி அடிப்பதும் பேருந்து கிளம்புவதும் ஒரே நேரம், அதைத் தவறவிட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் மேலேயே ஓர் அறை பார்த்துவிட்டாள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. மகன் வெளியூரில் படிக்கிறான். ஆக, ஐந்து நாள் வீட்டில் நானும் நான் வைக்கும் ரசமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் ஒரு ஆளோடு சண்டை போட்டுப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை. சாயங்காலம் நானே போய் அழைத்து வரலாம் என்று பழைய கார் ஒன்றை வாங்கினேன்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சனிக்கிழம ஒரு தபா மேல இட்டுக்கினு போங்க. பயத்துல கண்ண மூடாம வெள்ளிமல போய்ச் சேந்தேன்னா வூட்லருந்தே போய் வரேன். மூடிட்டேன்னா ரூமுதான்." அறைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை கச்சிராயபாளையம் வரைக்கும் நான் ஒரு மகாராஜா. கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும்தான் ஒரு சட்டச் சிக்கல் வந்தது. மலையில் எந்த விளக்கைப் போடுவது? யோசித்தேன். மலையில் சந்திப்பே கிடையாது, ஒரே சாலை. வளைவு இருக்கிறது, சரி. ஆனால் வளைவது சாலைதானே, நானா? அப்படியானால் நான் நேராகத்தான் போகிறேன். முக்கோணத்தை அமுக்கினேன்.

"இன்னா இது, டிக்கு டிக்குனு சத்தம் வந்துக்கினே இருக்கு?" என்றாள்.

"நேரா போறோம்ல, அதுக்குதான் டீச்சரம்மா."

"நேராவா?" என்று எதிரே கொண்டை ஊசி மாதிரி மடிந்து கிடந்த சாலையைப் பார்த்தாள். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

மேலேயிருந்து பைக்கில் இறங்கி வந்த ஒருவர் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "தள்ளி வுடணுமாண்ணே?" என்றார். நான் மெதுவாகப் போவதைக் கிண்டல் செய்கிறார் என்று முறைத்துவிட்டு ஏறினேன்.

மூன்றாவது வளைவின் நடுவில் இருக்கும்போது பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில். கண்ணாடியில் பார்த்தேன். காக்கிச் சட்டை.

அந்தக் கணத்தில் என் வலது கால் எது, இடது கால் எது என்று எனக்குத் தெரியவில்லை. கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்று, அரையடி பின்னால் உருண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆமாம், நான்தான். அவள் கண்ணைத் திறந்துகொண்டே கைபிரேக்கை இழுத்தாள்.

மலையடிவாரத்தில் சோதனை உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், எல்லாவற்றிலும் ஒரிஜினல் ஒன்று, நகல் மூன்று. சொந்த மெஷின்தானே. ரேஷன் கார்டு நகலும் இருந்தது, அது ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இறங்கி ஓடி, அத்தனையையும் காக்கிச் சட்டையின் கையில் திணித்தேன்.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார். ஒரிஜினலும் இருக்கு சார்."

அவர் பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "நான் கண்டக்டருங்க. எங்க பஸ்ஸ நிறுத்தத்தான் விசில் அடிச்சேன்" என்றார். அப்போதுதான் அவர் தோளில் தொங்கிய பையையும், அவருக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பேருந்து நிற்பதையும் பார்த்தேன்.

அதற்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கல்லை உருட்டி வந்து என் கார் டயருக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர், யாரும் சொல்லாமலே, ஓரத்து மரத்தில் இலையோடு ஒரு கிளையை ஒடித்துவந்து பேருந்துக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் சாலையில் போட்டார். ஓட்டுநரும் இறங்கி வந்தார்.

"வண்டிக்கு இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு."

"அப்பறம் எதுக்குங்க நாலு லைட்டையும் போட்டுக்கினு வரீங்க?"

"நேரா போறேன்னு தெரியறதுக்கு."

பேருந்து ஜன்னலிலிருந்து ஒரு குரல், "இங்க நேரா போனா டேம்லதான் போய் வுழுவணும்" என்றது. பேருந்தே சிரித்தது. முட்டுக்கல் வைத்தவர்களும் சிரித்தார்கள்.

ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டுக்காரர் போட்ட கிளையைக் காட்டி, "அந்தக் கெள இன்னாங்க சொல்லுது?" என்று கேட்டார்.

"வண்டி நின்னு போச்சு, பாத்து ஒதுங்கிப் போன்னு சொல்லுது."

"உங்க முக்கோணமும் அதேதாங்க சொல்லுது. அதான் நாங்க எறங்கி வந்தோம்."

நான்குமுனைச் சந்திப்புக் காவலர் என் கண்முன் வந்து நின்றார். இத்தனை நாளாக அவர் ஆட்டிய கை வணக்கம் இல்லை. ஓரம்கட்டச் சொல்லியிருக்கிறார். நானும் டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

"இன்னொண்ணு" என்றார் ஓட்டுநர், குரலைத் தாழ்த்தி. "மலையில ஏர்ற வண்டிக்குத்தான் எறங்குற வண்டி வழி வுடணும். அதனால பதறாதீங்க. வளவுக்கு மின்ன ஒரு ஆரன், அவ்ளோதான்."

நான் இப்படிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி கண்டக்டரிடம் விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிமல ஸ்கூலுக்குப் புதுசா வர டீச்சருங்களா? சாயங்கால வண்டி உங்க ஸ்கூல் வாசல்லதாங்க நிக்கும். டீச்சருங்க மூணு பேரு வராங்க. அவங்க ஏறாம எடுக்க மாட்டோம்."

"மணி அடிக்கிறப்பவே கெளம்பிடும்னு சொன்னாங்களே?"

"போர்டுல அப்படித்தாங்க எழுதி இருக்குது" என்றார் கண்டக்டர்.

அவள் காரைப் பார்த்தாள். பேருந்தைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. காரிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, "நீங்க பின்னாலயே வாங்க. நேரா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

கற்களை எடுத்தார்கள். துண்டுக்காரர் கிளையைத் தூக்கி வந்து என் கையிலேயே கொடுத்தார். "வெச்சிக்கினு போங்க. தேவப்படும்" என்றார். கிண்டல் போலத் தெரியவில்லை. பின்சீட்டில் வைத்துக்கொண்டேன். வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று பேருந்தை முன்னால் விட்டேன். விளக்கு எதுவும் போடாமல் வெள்ளிமலை வரை அதன் பின்னாலேயே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை காலை பேருந்தில் போனாள், சாயங்காலம் பேருந்தில் வந்தாள். நான் வைத்த ரசத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.