சி வரிசை எங்கே?

பத்து நாள் முன்பு என் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்க, மட்டாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்து எக்ஸெலில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். தலைப்புக்கு மஞ்சள் நிறம், கட்டங்களுக்குக் கோடு, எழுத்தெல்லாம் நடுவில்… பட்டியலுக்கே கல்யாணக் களை வந்துவிட்டது!

ஏ வரிசையில் பெயர், பி-யில் உறவு, டி-யில் வேலை. நடுவில் சி? அது என் அந்தரங்கக் குறிப்பு. 'இவர் கையில் மைக் போகக் கூடாது', 'இவரைச் சமையல்காரர் பக்கம் விடக் கூடாது'… இப்படி. அந்த வரிசையை மட்டும் 'ஹைட்' செய்துவிட்டு, ஃபைலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்றுதானே நினைப்போம்?

பத்தே நிமிஷம். என் தம்பி மணியின் போன். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்ப்பதுதான் அவன் உத்தியோகம்.

"அக்கா, பி கழிஞ்சா டி வரதே… சி எங்கே?"

"அது… சும்மா, காலி."

"காலி இல்லே. நான் தொறந்து பாத்தாச்சு."

அவன் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்தது இதுதான்: 'முதுகு சரியில்லை. பெண்ணைத் தூக்க விடக் கூடாது. காக்கநாடு ரவி போதும்.'

எங்கள் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்குவது தாய்மாமன். மணி என் ஒரே தம்பி. ரவி ஒன்றுவிட்ட தம்பி, ஜிம்முக்குப் போகிறவன். மணி போன வருஷம் டிஸ்க் நழுவிப் படுத்தவனாயிற்றே என்ற அக்கறையில்தான் எழுதினேன். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதினேன் என்பதும் நிஜம்.

"மருமாளைத் தூக்க நேக்கு யோக்யதை இல்லையா? செரி, ரவியே தூக்கட்டும். நான் வந்து எலைலே உக்காந்து சத்யை உண்டுட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. தாய்மாமன் முறுக்கிக்கொண்டு நிற்கிற கல்யாணம் ஒரு கல்யாணமா? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முகூர்த்தத்தன்று மாலைகள் வந்தன. ரவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

"மாறி நில்லுடா!"

மணி! இடுப்பில் அகலமான முதுகுவலி பெல்ட் — அதன் மேல் ஜரிகை அங்கவஸ்திரம்! ஒரே மூச்சில் பெண்ணைத் தூக்கினான். மூன்று தடவை மாலை மாறி முடியும்வரை இறக்கவே இல்லை. நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து ஆள் படுக்கையில். நேற்று இளையவளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். திட்டுவான் என்று தயாராகத்தான் போனேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தபடி, "இவளுக்கு எப்போ அக்கா?" என்றான்.

இன்று காலை முதல் இளையவள் டயட்டில் இருக்கிறாள்.