இடத்து மாட்டுக்காக ஐயாவிடம் போட்ட சண்டை

என் செவலையின் முன்னங்கால் குளம்பு அழுகிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை விழுந்த வருஷத்து ஐப்பசி அது. இன்னும் மூன்று வாரத்தில் லைசென்ஸ் ஆபீசில் வண்டியையும் மாட்டையும் பார்வைக்கு நிறுத்த வேண்டும். நொண்டி மாட்டுக்கு நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத மாட்டை வாங்க ஒரே ஒரு ஆள்தான் வருவான், கையில் கத்தியோடு. ஏழு வருஷம் என்னோடு நடந்த மாடு, அடியார்களே. நம் வெள்ளிக்கிழமைப் பூசையில் எல்லாரும் பக்தியிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சூளையிலிருந்து கிள்ளான் ரோட்டில் செங்கல் ஏற்றிப் போவது என் தொழில். முன்வண்டியில் நான் இருப்பேன். பின்வண்டி மாடுகளின் கயிற்றை முன்வண்டியின் பின்பக்கம் கட்டிவிடுவேன். ஒரு ஆள், இரண்டு வண்டி. எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை.

அந்த வருஷம் புது விதி வந்தது. பாரம் ஏற்றியதும், பின்னால் இன்னொரு வண்டியை இழுப்பதும், மாட்டுவண்டியானாலும் லோரியானாலும், ரோட்டின் இடது ஓரத்து மண்ணில்தான் போக வேண்டுமாம். நடுவில் போட்ட தார் மோட்டார்களுக்கு. எங்கள் சக்கரம் தாரை லேசாகத் தொட்டால் போதும், போலீஸ்காரர் பிரம்பை நீட்டிக்கொண்டு, “தெப்பி! தெப்பி!” என்று கத்துவார். மலாயில் ஓரம் போ என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு என் மாடுகளே மலாய் படித்துவிட்டன.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கனமானதையெல்லாம் மெத்தென்ற மண்ணில் தள்ளிவிட்டு, காற்றுப்போல் போகிற மோட்டாரைக் கெட்டியான தாரில் விடுவது என்ன நியாயம்? லோரிகள் ஓரத்தைக் கிழித்துப் பள்ளமாக்கின. அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீரில் என் மாடு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ரோட்டுக்கு இளைத்தவன் வண்டிக்காரன்.

ஓரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். இரண்டு மாட்டில் இடது பக்கம் பூட்டிய செவலைதான் சேற்றில் இறங்கும். நுகத்தடி அதன் கழுத்தில் சாயும். வலத்து மாடு காரிக்கு ஒன்றும் இல்லை. பக்கம் மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். இடத்தில் பழகிய மாடு வலத்தில் நிற்குமா? இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. மூன்றாம் நாள் செவலையின் குளம்பு இடுக்கில் நாற்றம். நாலாம் நாள் புழு.

என் சம்சாரம் செல்லம்மா மாட்டின் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, மாட்டுக்குத்தான் வாயில்ல. உங்களுக்குமா இல்ல? போயி தொரைகிட்ட கேக்கறது!”

“தொரைகிட்ட நான் என்ன பாஷையில கேக்க?”

“அப்ப நம்ம ஐயாகிட்ட போயி கேளுங்க. அவருக்கு எல்லா பாஷையும் தெரியும்.”

கிள்ளான் ரோட்டில் ஐந்தாம் கல்லருகே மரத்தடியில் சூலமாக நிற்கிறாரே, நம் முனியாண்டி ஐயா. மறுநாள் விடிந்ததும் செவலையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். அது மூன்று காலில் வந்தது. வேண்டுமென்றேதான் தேங்காய் வாங்கவில்லை. சூலத்துக்கு முன்னால் நின்றதும் மூன்று நாளாக அடக்கியதெல்லாம் வெடித்தது.

“நீ காவல் தெய்வமா? யாருக்குக் காவல்? மோட்டார்காரனுக்கா? உன் கண்ணு முன்னாடிதானே எங்கள ஓரத்துல தள்ளுறான், பாத்துக்கிட்டு நிக்கிற! குதிர வச்சிருக்கியே, ஒரு நாள் அத இந்தச் சேத்துல ஓட்டிப் பாரு, தெரியும்! என் மாட்ட நீ காப்பாத்தலேன்னா இனிமே இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்!”

சொல்லிவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருய்யா அது, காலங்காத்தால சாமிகிட்ட ரோட்டுப் புகார் குடுக்கறது?”

உடம்பு சிலிர்த்துவிட்டது. எட்டிப் பார்த்தால் புகை. தார் டிரம்முக்குப் பக்கத்தில் ரோட்டு வேலை ஆட்களை மேய்க்கிற மண்டோர் வீராசாமி, சுருட்டும் கையுமாக. அவர் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அண்ணே, நீங்க இங்க எப்படி?” என்றேன்.

“வேல ஏழாம் கல்லுலதான். தார் ஏத்துன லோரி பாருங்க, அதுவும் பாரவண்டியாமே! ஓரத்துல போன்னான், போச்சு, இந்த எடத்துல அச்சு வரைக்கும் பொதஞ்சு போச்சு. ரெண்டு நாளா கல்லு கொட்டி மேடாக்கிக்கிட்டு கெடக்கோம். ரோடு போடுறவனுக்கே ரோடு இல்லய்யா!”

பேசிக்கொண்டே செவலையின் காலைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஊரில் மாட்டுப்பட்டியில் வளர்ந்தவராம். மயில்துத்தம் வாங்கிவரச் சொன்னார். கரைத்துக் கழுவினார். புழுவை எடுத்தார். டிரம்மிலிருந்து கொஞ்சம் தாரை அள்ளி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தார்.

“ஆறட்டும், அவசரப்படாதீங்க. சுடச்சுட வச்சா சாமிக்குப் பதிலா என்னத் திட்டுவீங்க.”

ஆறிய தாரைக் குளம்பு இடுக்கில் அப்பிச் சாக்குத் துணியால் கட்டினார். எந்தத் தாரில் என் மாட்டின் கால் படக்கூடாது என்று விரட்டினார்களோ, அந்தத் தார்!

செவலையையும் காரியையும் கொட்டகையில் நிறுத்திவிட்டு, பின்வண்டி ஜோடியை முன்வண்டியில் பூட்டிப் பாதிப் பிழைப்பு நடத்தினேன். பதினைந்தாம் நாள் செவலை நாலு காலையும் ஊன்றியது. பார்வை நாளன்று ஆபீசர் குளம்பைக் குனிந்து பார்த்தார், பிரம்பால் தட்டினார். செவலை காலைத் தூக்கி அவருடைய சப்பாத்துக் காலின் மேல் அழுத்தி வைத்தது. “காலில் பலம் இருக்கிறது” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நம்பர் கொடுத்தார்.

நான் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஐயா அந்த லோரியைத் தம் காலடியில் நிறுத்தி வைத்திருக்கிறார். தெய்வம் மனுஷ ரூபத்தில் வரும் என்று கேட்டிருக்கிறேன். தார் வாடையோடு வரும் என்று யாரும் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே தேங்காய் உடைத்தேன், சுருட்டு வைத்தேன். குதிரையைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஓரத்தைப் பற்றிச் சொன்னதற்குக் கேட்கவில்லை.

விதி இன்னும் மாறவில்லை. என் கோபமும் ஆறவில்லை. ஆனால் முன்பெல்லாம் என் வண்டி, என் மாடு என்று இருந்தவன் நான். இப்போது வெறும் வண்டியாகத் திரும்பும்போது சூளையில் கழித்த உடைசெங்கலை இரண்டு கூடை எடுத்துவந்து, ஓரத்தில் எது பெரிய பள்ளமோ அதில் கொட்டுகிறேன். மற்ற வண்டிக்காரர்களும் கொட்டுகிறார்கள். ஐந்தாம் கல்லிலிருந்து ஆறாம் கல் வரை எந்த மாட்டுக்கும் இப்போது குளம்பு நனைவதில்லை.

அடியார்களே, உங்களுக்கும் யாராவது “தெப்பி” சொல்லியிருப்பார்கள். மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். தேங்காய் வாங்க வழியில்லையா, கோபத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் உடையுங்கள். ஐயா அதையும் வாங்கிக்கொள்வார்.