மட்கார்டில் ஒரு தட்டு

இது நடந்தது. ஜோனுக்குக் கதை கட்டத் தெரியாது. ரசீதில் இரண்டு வரி எழுதவே பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஆள். மணியையும் நிமிடத்தையும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப். அண்ணன் இஞ்ஞாசி, தம்பி ஜோன், ஆக மொத்தம் இரண்டே பேர். அன்று சனிக்கிழமை. கதிரேசனின் பழைய பிக்அப் வந்து நின்றது. ஃபேரர் பார்க் கடைகளுக்குக் காய்கறி ஏற்றுகிற வண்டி. அதற்கு மறுபடியும் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்ற வேண்டும்; போன தடவை மாட்டியது செகண்ட்ஹேண்ட், தாங்கவில்லை. நான்கு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறி அனுப்புகிற சாமான் அது.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் அதே வண்டிக்கு அதே சாமானை மாட்டியவர் இஞ்ஞாசி. அரைச் சுற்று தள்ளி மாட்டிவிட்டார். வண்டி டப் டப்பென்று வெடித்ததே தவிர ஓடவில்லை. எந்த மெக்கானிக்குக்கும் நடக்கிற தவறுதான். ஆனால் ஜோனுக்கு வாய் நீளம். கதிரேசன் முன்னாலேயே கத்திவிட்டார்.

“கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காருங்க லா!”

அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பத்தொன்பது நாள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு வார்த்தை கிடையாது.

வேலை மட்டும் நடந்தது. பக்கத்துக் கடைகளின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், அவர்களுக்கு ஆதியிலிருந்தே தட்டுதான் பாஷை. ஜோன் ஸ்பேனரால் மட்கார்டில் ஒரு தட்டு தட்டினால், உள்ளே இருக்கும் அண்ணன் சாவியைத் துளி திருப்புவார். இரண்டு தட்டு என்றால் ஸ்டார்ட். உள்ளங்கையால் அறைந்தால் நிறுத்த வேண்டும்.

அன்று ஜோன் ஒரு முடிவோடு வந்திருந்தார். எஞ்சின் ஓடியதும் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். பத்தொன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை.

மணி 2.10. இஞ்ஞாசி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பானெட் தூக்கியிருந்ததால் ஜோனுக்கு அவர் முகம் தெரியவில்லை. பழைய சாமானைக் கழற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

2.25. முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தட்டினார்.

டொக்.

க்ர்ர்... எஞ்சின் துளி நகர்ந்தது.

பிஸ்டன் மேலே வரும்போது காற்று விரலைத் தள்ள வேண்டும். அப்போதுதான் கணக்கு சரி. அண்ணன் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிடுவார். இன்று... மயிரிழை பிசகவில்லை. கோபத்திலாவது ஒழுங்காகச் செய்கிறாரே என்று ஜோன் நினைத்துக்கொண்டார்.

டொக். க்ர்ர்...

டொக். க்ர்ர்...

உள்ளே ஒரு இருமல் இல்லை. சீட் கிறீச்சிடவில்லை. இந்த வெயிலில் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

2.50. குறி தெரிவதற்காக, பெல்ட் ஓடும் சக்கரத்தை ஜோன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை பெல்ட்டுக்குள். இடது கையிலிருந்த ஸ்பேனர் மட்கார்டில் இடித்தது.

டொக்.

அப்போது எஞ்சின் திரும்பியிருந்தால் விரல்கள் போயிருக்கும்.

திரும்பவில்லை.

ஜோன் கையை உருவினார். வேண்டுமென்றே மறுபடி தட்டினார்.

டொக்.

க்ர்ர்...

கை உள்ளே இருந்தது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? உள்ளிருந்து பார்த்தால் பானெட் மட்டும்தான் தெரியும்...

3.40. புது டிஸ்ட்ரிபியூட்டர் ஏறியது. வயர்கள் ஏறின. இரண்டு தட்டு.

டொக், டொக்.

ஒரே இழுப்பு. எஞ்சின் பூனைபோல் உறுமியது. ஜோன் உள்ளங்கையால் அறைந்தார். நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

“அண்ணே... அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

குனிந்து உள்ளே பார்த்தார்.

அண்ணனின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கண் பாதி திறந்திருந்தது.

தோளைத் தொட்டார்.

தாடை... விறைத்திருந்தது.

3.52க்கு ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு என்றார்கள். கேட்டதற்கெல்லாம் ஜோன் பதில் சொன்னார். சவப்பெட்டியைத் தூக்கினார். கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றார். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்க இறங்கியதுபோல் மரத்துப்போயிருந்தது.

ஒன்பதாம் நாள் அண்ணி லொரைன் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார். மருத்துவமனையில் கொடுத்த பையிலிருந்து அண்ணன் கட்டியிருந்த கைப்பட்டையை எடுத்தார். நடக்கிற கணக்கையும் நாடித் துடிப்பையும் காட்டுகிற பட்டை. சமூக மன்றத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதில் பதிவானது அண்ணியின் போனில் தெரியும்.

“உயிர் போனதா டாக்டர் சொன்ன டைமும் இதுவும் ஒண்ணுதான், பாருங்க ஜோன்.”

திரையில் ஒரு சிவப்புக் கோடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை, பிற்பகல் 2.17.

அதற்குப் பிறகு கோடு இல்லை.

ஜோன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தட்டு 2.25.

லொரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாரா?”

“பேசல அண்ணி,” என்றார் ஜோன். “ஆனா... நான் தட்டினப்பல்லாம் திருப்பினாரு.”